மாத்திரை இலவசம், வாங்கப்போகும் நாள் இலவசமல்ல

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசம். 2004இலிருந்தே இலவசம். அப்படியிருந்தும் எங்கள் பகுதியில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களில் சிலர் நடுவில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியவர்களில் சிலரை நாங்கள் அடக்கம் செய்திருக்கிறோம். ஏன் இப்படி என்று கேட்டால் படித்த நண்பர்கள் பலர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "விழிப்புணர்வு இல்லை." நாங்கள் பார்த்தது வேறு. மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இல்லாமல்போனது வேறு சில. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போடவைப்பது, பஞ்சமி நில மனு, சாதிச் சான்றிதழ், மாணவர் உதவித்தொகை என்று அலைகிற ஒரு சின்னக் குழு. எச்.ஐ.வி. எங்கள் வேலையாக இருந்ததில்லை. வழக்கு விஷயமாக வந்த ஒரு அக்கா பேசி முடித்து எழும்போது, "தம்பி, மாசம் ஒருக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், கூட யாராச்சும் வருவீங்களா?" என்று கேட்டார். போனோம். பிறகு இன்னொருவர் கேட்டார். இன்று ஏ.ஆர்.டி. மையத்து பெஞ்சில் காத்திருப்பது தாலுகா ஆபீஸில் காத்திருப்பதுபோல எங்களுக்குப் பழகிவிட்டது. அங்கே கற்றுக்கொண்டதைக் களத்துக்கு வரப்போகும் மாணவத் தோழர்களாகிய உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் அது தெரியவந்தது. அடுத்த பல ஆண்டுகள் இந்த நோய்க்கு நம் ஊரில் இருந்த பெயர் "உயிர்க்கொல்லி". சுவரெல்லாம் மண்டையோடு வரைந்தார்கள். மருந்து வெளிநாட்டில் இருந்தது, விலையோ எட்டாத உயரத்தில். 2001இல் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்துகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்தபோதுதான் உலகம் முழுக்க விலை இறங்கத் தொடங்கியது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. அந்த எட்டில் ஒன்று தாம்பரம் சானடோரியம்.

ஆரம்பத்தில் பாசிட்டிவ் என்று தெரிந்தவுடன் மருந்து தரமாட்டார்கள். ரத்தத்தில் சிடி4 அணுக்கள் ஓரளவுக்குக் கீழே இறங்கக் காத்திருக்க வேண்டும். அதாவது உடம்பு கெடும்வரை காத்திருக்க வேண்டும். 2017இல் அது மாறியது. இப்போது சிடி4 எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ் என்று தெரிந்தவுடன் சிகிச்சை உண்டு. மருந்தும் மாறியிருக்கிறது. முன்பு தந்த எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைசுற்றலும் கெட்ட கனவும் கொடுத்தது. இப்போது பெரும்பாலானோருக்கு டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையிலேயே இருக்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. உலக சுகாதார நிறுவனமே இதைச் சொல்கிறது. திருமணம், குழந்தை, முதுமை எல்லாம் சாத்தியம்.

அப்படியென்றால் சாவு ஏன்?

எச்.ஐ.வி. சாதி பார்த்து வருவதில்லை. வந்தபிறகு ஒருவர் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதில்தான் சாதி நுழைகிறது. காரில் பக்கத்து மாவட்டத்துக்குப் போய், தெரியாத ஊரில் தனியார் டாக்டரைப் பார்க்க முடிந்தவர்களுடைய ரகசியத்தைப் பணம் காப்பாற்றுகிறது. பஸ்ஸில் போகிறவரின் கணக்கு வேறு. சித்தாள் வேலை பார்க்கிற ஒரு அம்மாவின் கணக்கைப் பாருங்கள். மையத்துக்குப் போகிற நாள் கூலி போச்சு, ஐந்நூறோ அறுநூறோ. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், உண்மைதான். ஆனால் அவர் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு டவுன் பஸ் கிடையாது, புறநகர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். வழியில் ஒரு டீ, மதியம் ஒரு சாப்பாடு. காலையில் போனால் திரும்ப மாலை. அடுத்த நாள் மேஸ்திரி கேட்பார்: "மாசா மாசம் எங்கம்மா போற?" பதில் சொல்ல வேண்டும். நான்காவது மாதம் சொல்லப் பொய் இருக்காது. பொய் தீர்ந்துபோனதால் வேலையை விட்டவர்களை எங்களுக்குத் தெரியும். வேலையை விட முடியாமல் மாத்திரையை விட்டவர்களையும் தெரியும்.

அடுத்தது வீடு. காலனி வீட்டில் ஒரே அறை. மாமியார், பிள்ளைகள், வந்துபோகிற சொந்தக்காரர்கள். முப்பது மாத்திரை இருக்கிற பிளாஸ்டிக் டப்பா, எடுக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போடும். "அது என்ன மாத்திர, தெனமும் திங்கற?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், அன்றைக்கு ஒருவேளை தவறிவிடும். ஊர் நமக்கு விதித்த தீண்டாமை ஒன்று. நம் தெருவுக்குள்ளேயே நம்மவர்கள் விதிக்கிற தீண்டாமை இன்னொன்று. டம்ளரைத் தனியாக வைப்பது, பிள்ளையைத் தூக்க விடாதது, சாவு வீட்டில்கூடத் தள்ளி உட்காரவைப்பது. இரட்டை டம்ளருக்கு எதிராகக் கொடி பிடித்த தெருவில் மூன்றாவது டம்ளர் இருக்கலாமா? இந்தக் கேள்வியை நம் கூட்டங்களில் சத்தமாகவே கேட்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவமனை. கூட்டமாக மக்கள் நிற்கிற வராண்டாவில் ஒரு ஊழியர், "அந்த எச்.ஐ.வி. கேஸ் யாரு, இங்க வா" என்று கத்தியதை நாங்கள் காதால் கேட்டிருக்கிறோம். கூப்பிடப்பட்டவர் எழுந்து, எங்களையும் பார்க்காமல் நேரே வெளியே போய் பஸ் ஏறிவிட்டார். அவரை மறுபடி அங்கே அழைத்துவர எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. அவருக்கு எந்த விழிப்புணர்வு போதாமல் இருந்தது, சொல்லுங்கள்.

இனி நல்லதைச் சொல்கிறோம். அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தோம். எச்.ஐ.வி. சிகிச்சைக்கென்றே தனி மையம், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் என்ற ஏற்பாடு ஒழுங்காக நடக்கிற இடத்தில் மக்கள் பிழைக்கிறார்கள். இதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஏ.ஆர்.டி. மையம் என்பது மாத்திரை கொடுக்கிற ஜன்னல் மட்டும் அல்ல. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர், கவுன்சிலர் எல்லோரும் இருக்க வேண்டும். பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரும் உண்டு. அவர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவராக இருக்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். இது மிக முக்கியமான ஏற்பாடு. பதினைந்து வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, எதிரில் உட்கார்ந்து "நானும் பாசிட்டிவ்தான்மா" என்று ஒரு அக்கா சொல்லும்போது புதிதாக வந்தவர் முகம் மாறும். ஆயிரம் சுவரொட்டி செய்யாத வேலை அது.

செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போகிற ஒரு அண்ணனின் கதை இது. வருடத்தில் பாதி சூளையில். சூளை முதலாளி கணக்கு முடியும்வரை ஊருக்கு விடமாட்டார். மாத்திரை இரண்டு, மூன்று மாதம் அறுந்துவிடும். திரும்பி வந்ததும் வைரல் லோடு பரிசோதனை செய்தார்கள். இந்தப் பரிசோதனை 2018இலிருந்து அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்பதுதான் கணக்கு. ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அண்ணனுக்கு அது பல ஆயிரம். மாத்திரை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் பழகிக்கொண்டு மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விடும். அப்புறம் இரண்டாம் கட்ட மருந்துதான்.

கவுன்சிலராக இருந்த அக்கா திட்டவில்லை. "ஏன் வரல?" என்றுகூடக் கேட்கவில்லை. "எந்த மாசம் கெளம்புவீங்க, எந்த ஊரு சூளை, பக்கத்துல எந்த டவுன்?" என்று கேட்டார். இப்படி வைரல் லோடு கூடியவர்களுக்கு மருந்தை உடனே மாற்றமாட்டார்கள். மூன்று மாதம் கூடுதல் ஆலோசனை கொடுத்து, ஒழுங்காகச் சாப்பிடவைத்து, மறுபடி பரிசோதிப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் அக்கா செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துவைத்தார், சூளையிலும் இரவுச் சாப்பாடு உண்டல்லவா. டப்பாவுக்குள் சத்தம் வராமல் பஞ்சு வைக்கச் சொன்னார். அண்ணனுடைய மனைவியிடம், அண்ணன் சம்மதத்தோடு, பேசினார். கிளம்பும்போது பல மாதத்துக்கான மாத்திரையைச் சேர்த்து வாங்கிக்கொடுத்து, சூளைக்குப் பக்கத்து மையத்தில் தொடர்ந்து வாங்க மாற்றுச் சீட்டும் எழுதிக்கொடுத்தார். மறு பரிசோதனையில் வைரல் லோடு ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதே பழைய மாத்திரைதான். அண்ணன் போகிற இடத்துக்கெல்லாம் அது கூடவே போக ஒருவர் வழி செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

காசநோயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களை அதிகம் கொல்வது அதுதான். நல்ல மையத்தில் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்வி கேட்பார்கள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. காசநோய் இருந்து ரிஃபாம்பிசின் கொடுத்தால் அது டொலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைத்துவிடும், அதனால் டொலுடெக்ராவிரை இன்னொரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இது பொது வார்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்காது. தனி மையம், தனிப் பயிற்சி ஏன் தேவை என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இப்படி ஆள்பலத்தோடு துணைநிற்பது பணக்கார நாட்டுக்குத்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் தென்னாப்பிரிக்காவைக் காட்டுங்கள். கேப் டவுன் நகரத்தின் ஓரத்தில் கயேலிட்ஷா என்ற குடியிருப்பு இருக்கிறது. 1980களில் நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்காக ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடம். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துவைக்கப்பட்ட நமக்கு அதைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டியதில்லை. அங்கே 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. மக்கள் பிழைத்தார்கள், பிழைத்ததால் வரிசை நீண்டது, வரிசை நீண்டதால் வேலைக்குப் போகிறவர்கள் வருவதை நிறுத்த ஆரம்பித்தார்கள். நம் சித்தாள் அம்மாவின் அதே பிரச்சினை. 2007இல் அங்கே மாத்திரைக் குழுக்களை அமைத்தார்கள். உடல்நிலை சீராக உள்ள முப்பது பேர்வரை ஒரு குழு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் எடை பார்த்து, தொந்தரவு உண்டா என்று கேட்டு, முன்பே பொட்டலம் கட்டிய மாத்திரையைக் கொடுப்பார். சீக்கிரமே முடிந்துவிடும். 2007 முதல் 2011 வரை பார்த்த ஆய்வில், குழுவில் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் தொடர்ந்தார்கள். குழுவில் சேராமல் வழக்கமான வரிசையில் இருந்தவர்களில் 85 சதவீதம் பேர். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை.

இது அங்கே தானாக வரவில்லை. 1998இல் தொடங்கிய சிகிச்சைக்கான போராட்ட இயக்கம் பின்னால் இருந்தது. அதன் தலைவர் சாக்கி அச்மட் நிறவெறிக்கு எதிராகப் போராடியவர், எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர். ஏழைகளுக்குப் பொது மருத்துவமனையில் கிடைக்கும்வரை நானும் சாப்பிடமாட்டேன் என்று மருந்தை மறுத்து நின்றார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசு தரவேண்டும் என்று 2002இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியதும் அந்த இயக்கம்தான்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலையில், பள்ளியில், மருத்துவமனையில், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டுவதை அது தடைசெய்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது. புகாரை விசாரிக்க மாநிலம் ஒரு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள். ஆனால் சிகிச்சை தருவதைப் பற்றிய பிரிவில் "இயன்றவரை" என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டார்கள். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் அப்போதே அதை எதிர்த்தார்கள். அந்த ஒரு சொல்லின் விலை பின்னால் தெரிந்தது. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது.

நமக்கு இது புதிய பாடம் அல்ல. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்ட மேலவை 1923இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்திருந்தது. ஆனாலும் நம்மவர் ஒருவர்கூட அங்கே போய்த் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. இலவச மருந்து என்ற அறிவிப்பும் அப்படித்தான். வீட்டுக்கும் மையத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை யாராவது கூட நடந்து கடக்கவைக்க வேண்டும். அரசு அந்த வேலைக்கு ஆள் போட வேண்டும். அந்த ஆள் கவுன்சிலர், ஒருங்கிணைப்பாளர், பக்கத்து ஊரில் மாத்திரை தருகிற இணைப்பு மையத்தின் செவிலியர். இவர்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். நாற்காலி காலியானால் முதலில் அறுந்துபோவது சூளைக்குப் போகிற அண்ணனின் மாத்திரைதான். ஆகவே கவுன்சிலர் பணியிடம் நமக்கு உரிமைப் பிரச்சினை.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் மாவட்ட ஏ.ஆர்.டி. மையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சீராக இருக்கிறவர்களுக்கு எத்தனை மாத மாத்திரை சேர்த்துத் தருகிறார்கள், இணைப்பு மையம் எந்த ஊரில் என்று விசாரியுங்கள். நோயாளிகளின் பெயரை மட்டும் எங்கேயும் கேட்காதீர்கள். யாராவது உங்களிடம் தன் நிலையைச் சொன்னால் அது உங்களோடு நிற்கட்டும், குழுவில் இருக்கும் தோழரிடம்கூட அவர் சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள். கூட வரச் சொன்னால் போங்கள், கூப்பிடாமல் போகாதீர்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கழிவை அள்ளுகிற நம் மக்களிடம் ஒன்று சொல்லுங்கள்: ஊசி குத்திவிட்டால் மறைக்க வேண்டாம், உடனே அதே மருத்துவமனையில் சொல்லித் தடுப்பு மருந்து கேட்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். வேலை தருகிறவர் இதற்குப் பொறுப்பு என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

வன்கொடுமை நடந்தால் ஓடுகிறோம், மனு எழுதுகிறோம், மறியல் செய்கிறோம். இது சத்தமில்லாமல் நடக்கிற சாவு. போஸ்டர் ஒட்ட முடியாது, பெயர் சொல்லி முழக்கம் போட முடியாது. அந்த மனிதர் யாரென்று யாருக்கும் தெரியாமலே அவருக்காகப் போராட வேண்டும். கடினம்தான். ஆனால் ஒரு மாவட்டத்தில் ஒரு காலியிடம் நிரப்பப்பட்டால், மாதம் ஒருமுறை என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றானால், நமக்கு முகம் தெரியாத ஒரு அம்மா மேஸ்திரியிடம் சொல்லவேண்டிய பொய்களில் எட்டு குறையும். அந்த எட்டு நாள் கூலி அவர் கையில் நிற்கும். மாத்திரையும் நிற்காது.

ஜெய்பீம்.